தேய்ந்த கல்வெட்டைப் படத்தில் படிப்பது: விளக்கு எங்கே, மென்பொருள் எங்கே?

மடைக்கல் | சனி, இரவு 9.10

வணக்கம். மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஒரு பழைய குமிழி மடை, அதாவது கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் மடை, நிற்கிறது. இரண்டு கல்தூண், நடுவில் குறுக்குக்கல். இடப்பக்கத் தூணில் ஆறு வரி வட்டெழுத்து, தமிழுக்கு இருந்த பழைய எழுத்து முறை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீருக்குள் இருக்கும் கல் அது. தண்ணீர் வற்றினால் எருமைகள் வந்து முதுகு தேய்க்கும். வட்டெழுத்து என்பதால் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக் கல்லாக இருக்கும்.

மூன்றாம் வரியில் ‘செய்வித்த’ என்ற சொல் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அதற்கு முன்னால் மடையைக் கட்டியவரின் பெயர் இருக்க வேண்டும். அங்கேதான் மூன்று எழுத்து தேய்ந்து கிடக்கிறது. என் தாத்தா இதே மடையில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து அந்த எழுத்தைத் தடவியிருக்கிறேன். இப்போது மதுரையில் இமேஜ் ப்ராசஸிங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்த மூன்று எழுத்தைப் படிக்காமல் என் ஆய்வை முடித்தால் மனசு ஆறாது.

செய்து பார்த்தவை: மொபைலில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். மீடியன் ஃபில்டர் போட்டுக் கல்லின் மணிமணியான புள்ளிகளைக் குறைத்தேன். பிறகு க்ளாஹே, அதாவது படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து அந்தந்தக் கட்டத்துக்கு ஏற்பக் கான்ட்ராஸ்டைக் கூட்டும் முறை. ஓபன்சிவி என்ற பட மென்பொருள் தானாகக் கொடுக்கும் க்ளிப் அளவு, அதாவது கான்ட்ராஸ்ட் கூடுவதற்கான வரம்பு, 40. அதில் போட்டால் கல்லே அம்மை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. 3க்குக் குறைத்த பிறகு கொஞ்சம் தெளிவு. அப்புறம் எழுத்தைத் தனியாகப் பிரிக்க ஓட்சு 1979ல் சொன்ன முறை. அது படம் முழுவதற்கும் ஒரே எல்லைக்கோடு போடுகிறது. தூணின் ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் நிழல், அதனால் பாதி எழுத்து நிழலோடு சேர்ந்து கறுத்துப் போனது. அந்தந்த இடத்துக்குத் தனி எல்லைக்கோடு போடும் சவோலா முறை கொஞ்சம் மேல், ஆனால் எழுத்தும் பொத்தலும் கலந்தே வருகின்றன.

சந்தேகமான முதல் எழுத்து ‘ப’வா ‘வ’வா தெரியவில்லை. இரண்டாவதில் குறுக்கே ஒரு கோடு வருகிறது. மூன்றாவது ஒன்றுமே பிடிபடவில்லை. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டால் சீக்கிரமே கண்மாய் ஏறிவிடும். அதற்குள் செய்ய வேண்டும். படத்தை இணைத்திருக்கிறேன். இதைவிட நல்ல ஃபில்டர் எது?

ஒத்தக்கடை | சனி, இரவு 9.42

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது எழுத்துப் பக்கம் நிறைய சின்னச் சிலுவைகள் தெரிகின்றனவே, ஒரே இடைவெளியில்? இது மொபைலில் இருந்து நேராக வந்த படமா, வாட்ஸ்அப்பில் வந்ததா?

மடைக்கல் | சனி, இரவு 9.55

வாட்ஸ்அப்பில்தான். ஊரில் இருக்கிற நண்பன் எடுத்து அனுப்பினான்.

ஒத்தக்கடை | சனி, இரவு 10.20

அப்படியென்றால் அந்தச் சிலுவைகளை எண்ணிப் பாருங்கள். சரியாக 8 பிக்சலுக்கு ஒன்று இருக்கும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. நிறையச் சுருக்கினால் கட்டங்களின் விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டாது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் கல்லோடு சேர்த்து அந்தக் கட்டங்களையும் தூக்கிக் காட்டும். நீங்கள் கல்லைப் பார்க்கிறீர்களா, சுருக்கிய கோப்பைப் பார்க்கிறீர்களா என்பதே தெரியாமல் போகும்.

முதலில் ரா கோப்பு, அதாவது கேமரா திருத்தாமல் சுருக்காமல் அப்படியே தரும் கோப்பு, எடுங்கள். மொபைல் கேமரா தானாகவே பல படங்களைச் சேர்த்து, கூர்மையாக்கி, புள்ளிகளை வழித்துத்தான் நமக்குக் கொடுக்கிறது. மென்மையான கீறல்கள் அங்கேயே பாதி போய்விடும்.

மடைக்கல் | சனி, இரவு 10.48

எண்ணிவிட்டேன். சரியாக 8. இரண்டு மாதமாக இந்தப் படத்தை வைத்துத்தான் ஃபில்டர் எழுதினேன்.

மைப்படிக்காரர் | ஞாயிறு, காலை 6.15

தம்பி, ஃபில்டரைப் பற்றி எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்வெட்டு மைப்படி எடுத்தவன் நான். உங்கள் படத்தில் தூணின் நிழல் காலடியிலேயே விழுந்திருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் எந்தக் கல்லும் பேசாது.

நாங்கள் மலைக்குப் போனால் முதல் நாள் காகிதத்தைத் தொடவே மாட்டோம். கல்லைச் சுத்தமாகக் கழுவிவிட்டு உட்கார்ந்து வெயில் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். எந்தப் பாறைக்கும் ஒரு நேரம் உண்டு. வெயில் பாறையின் மேல் படுக்கை வசமாக, தடவிக்கொண்டு போகிற நேரம் அது. அரை மணி கூட நிற்காது. அப்போது எழுத்தின் ஒரு கரை மினுங்கும், மறு கரை கறுக்கும். அது தெரிந்தால் போதும், மறுநாள் மைப்படி எடுக்கும்போது எங்கே காகிதத்தை அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

மைப்படியும் அப்படித்தான். ஈரக் காகிதத்தைக் கல்லில் விரித்து, தூரிகையால் அடித்து அடித்துக் குழிக்குள் இறக்குவோம். காய்ந்து வரும் பதத்தில் மைப்பந்தை மேலே ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். கல்லின் நிறம் அதில் வராது. பாசி, சுண்ணாம்பு, எண்ணெய்க் கறை எதுவும் வராது. மேடு பள்ளம் மட்டும்தான். உங்கள் போட்டோவில் நிறமும் மேடுபள்ளமும் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரிக்க உங்கள் கணினியில் வழி உண்டா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மாங்குளத்தைப் பாருங்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். 1882ல் ராபர்ட் சிவெல் அந்தக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார். அதில் ‘நெடுஞ்செழியன்’ என்ற பெயர் இருக்கிறது என்று ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1965ல். 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, கல் அதே கல்தான். பழைய தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், மெய்யெழுத்தின் தலையில் வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு இருந்தால் அதை ‘கா’ என்று படிப்பதா, ‘க’ என்று படிப்பதா என்பதிலேயே பெரிய குழப்பம் இருந்தது. ‘மகன்’ என்று படிக்க வேண்டியதை ‘மாகான’ என்று படித்துக்கொண்டிருந்தார்கள். அதே தமிழியில் ‘க’ என்பது வெறும் கூட்டல் குறி. பாறையில் ஒரு வெடிப்பும் அதன் குறுக்கே ஒரு கீறலும் இருந்தால் அவசரப்படுகிறவனுக்கு அது ‘க’. நீங்கள் சொன்ன சிலுவைகளைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மடைக்கல் | ஞாயிறு, காலை 8.30

ஐயா, மிக்க நன்றி. ‘நிறத்தையும் மேடுபள்ளத்தையும் பிரிப்பது’ என்று நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். படித்ததில் இருந்து மனதில் அதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒத்தக்கடை | ஞாயிறு, பகல் 11.05

ஐயா கேட்டதற்கு வழி உண்டு. ஆர்டிஐ என்பார்கள், தகவல் கேட்டு மனுப் போடுகிற ஆர்டிஐ வேறு. ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் இருந்தவர்களும் 2001ல் வெளியிட்ட முறை அது. கேமராவை அசைக்காமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி ஐம்பது அறுபது படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பக்க வெளிச்சத்துக்கு எவ்வளவு மினுங்குகிறது என்பதை ஆறு எண்கள் உள்ள ஒரு சின்னச் சமன்பாடாகச் சுருக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு திரையில் விளக்கை நாம் வேண்டிய பக்கம் நகர்த்தலாம். கல் அங்கேயே இருக்கும், வெயில் மட்டும் நம் கையில். ஐயா சொன்ன அந்த அரை மணி நேரம் எப்போதும் கிடைக்கும்.

கிரேக்கக் கடலில் கிடைத்த ஆன்டிகைதெரா என்ற பழைய பல்சக்கரக் கருவியின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க 2005ல் இதே முறையைத்தான் கொண்டுபோனார்கள், கூடவே எக்ஸ்ரே ஸ்கேனும். வெண்கலத்துக்கு ஆகிற வேலை கருங்கல்லுக்கும் ஆகும்.

அந்தச் சமன்பாட்டில் இருந்து ஒவ்வொரு பிக்சலிலும் கல்லின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். நிறத்தை எடுத்துவிட்டுச் சாய்வை மட்டும் காட்டலாம். மைப்படிக்குப் பக்கத்தில் வருவது அதுதான். மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. இத்தாலியின் பீசா நகரில் உள்ள ஆய்வகம் ஒன்று ரீலைட்லேப் என்று வெளியிட்டிருக்கிறது.

ஸ்டுடியோ திருமங்கலம் | ஞாயிறு, இரவு 8.00

தம்பி, படம் எடுக்கிற பக்கத்தை நான் சொல்கிறேன். சாயந்திரம் இருட்டின பிறகு எடுங்கள், வெயிலோடு சண்டை போட வேண்டாம். கனமான ட்ரைபாட், கால்களுக்கு நடுவே ஒரு மணல் பை தொங்கட்டும். கண்மாய் மண் இளகும், மூன்று காலுக்கும் அடியில் ஓடு வையுங்கள். கேமராவைத் தொட்டாலே அசையும், ரிமோட்டில் எடுங்கள். ஃபோகஸை ஒரு தடவை வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வைட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, லென்ஸ் துளை எதையும் நடுவில் தொடக்கூடாது.

விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கல்லின் ஓரத்தில் பளபளப்பான உருண்டை ஒன்றிரண்டு வைப்பார்கள். உருண்டையில் விளக்கின் பொட்டு எங்கே மினுங்குகிறதோ அதை வைத்துத் திசையைக் கணக்குப் போடும். கடையில் தேட வேண்டாம், லாரி ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பழைய பேரிங் குண்டு கொடுப்பார்கள். 25 மில்லிமீட்டர் குண்டு சரியாக இருக்கும்.

ஃப்ளாஷ் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். எழுத்துப் பரப்பின் மூலைக்கு மூலை நீளம் எவ்வளவோ அதைப்போல் மூன்று மடங்கு. ஒருவர் கயிற்று நுனியைக் கல்லுக்குப் பக்கத்தில், தொடாமல், பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஃப்ளாஷோடு குடை மாதிரி சுற்றி வர வேண்டும். கல்லில் இருந்து 15 பாகையில் தொடங்கி 65 பாகை வரை ஏறலாம். ஒவ்வொரு படத்துக்கும் கயிற்றை விலக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஃப்ளாஷ் இல்லையென்றால் என்னுடையதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்படம் | திங்கள், காலை 7.20

நான் கண் மருத்துவமனை ஒன்றில் விழித்திரைப் படம் எடுப்பவள். கல்வெட்டு தெரியாது, ஆனால் ஒன்று உதவலாம். விழித்திரையில் ரத்தக் குழாய்களைப் பார்க்க முழு வண்ணப் படத்தைவிட, அதில் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களில் பச்சையை மட்டும் பார்ப்போம். ரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும், அதனால் குழாய்கள் கறுப்பாக எடுத்து நிற்கும். சிவப்புச் சேனலில் அதே குழாய்கள் மங்கிப் போகும். உங்கள் கல்லில் செம்மண் கறையும் பச்சைப் பாசியும் இருக்கின்றன. எடுத்தவுடன் கறுப்பு வெள்ளை ஆக்காமல் மூன்று சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். கறை எந்தச் சேனலில் மறைகிறதோ அதில் வேலை பாருங்கள்.

ஒத்தக்கடை | திங்கள், இரவு 9.30

நல்ல யோசனை அக்கா. நான் இன்னொன்று சொல்கிறேன், ஐயா கோபப்படக்கூடாது. இப்போது படத்தைத் தெளிவாக்கும் ஏஐ மாடல்கள் வந்திருக்கின்றன. நல்ல வட்டெழுத்துப் படங்களையும், அதையே தேய்த்த மாதிரி மங்கலாக்கிய படங்களையும் ஜோடியாகக் கொடுத்துப் பழக்கினால், தேய்ந்த எழுத்தைக் கொடுத்ததும் தெளிவானதாகத் திருப்பித் தரும். ஒரு வாரத்தில் செய்து பார்க்கலாம்.

மைப்படிக்காரர் | செவ்வாய், காலை 5.50

கோபம் இல்லை தம்பி. ஒரு கேள்விதான். அந்த இடத்தில் கல் பொரிந்து எழுத்தே போய்விட்டிருந்தால் உங்கள் மாடல் என்ன தரும்? ‘தெரியவில்லை’ என்று சொல்லுமா, ஏதாவது ஓர் எழுத்தை அழகாக எழுதித் தருமா?

நான் ஒரு குகைத்தளத்தில் பார்த்திருக்கிறேன். படம் தெளிவாக வர வேண்டும் என்று யாரோ எழுத்துக் குழிகளில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு எது எழுத்தாகத் தெரிந்ததோ அதற்கு அடித்தார்கள். ஒரு வெடிப்புக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்தப் பெயின்ட்டைத்தான் படித்தார்கள். பெயின்ட்டாவது வெள்ளையாகத் தெரிகிறது, பிறகு போட்டது என்று புரிகிறது. நீங்கள் சொல்வது கல்லின் நிறத்திலேயே பெயின்ட் அடிப்பது. எது கல் எழுதியது, எது கணினி எழுதியது என்று பிரிக்கவே முடியாது.

கண்படம் | செவ்வாய், பகல் 1.40

ஐயா சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன். எங்கள் துறையில் ஏஐ நன்றாக வேலை செய்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கூகுள் ஆய்வு 2016ல் வந்தது. அதற்குப் படம் கொடுத்த மருத்துவமனைகளில் நம் மதுரை அரவிந்தும் ஒன்று. ஆனால் அதற்கு எத்தனை படம் தெரியுமா? 1,28,175. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை வரை மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள், மொத்தம் 54 பேர். அதுவும் ‘நோய் இருக்கிறதா இல்லையா’ என்று சொல்லத்தான், கெட்டுப்போன விழித்திரையைப் புதிதாக வரைந்து தர இல்லை.

வட்டெழுத்துக்கு அப்படி நல்ல படங்கள் எத்தனை சேர்ந்திருக்கின்றன? அதில் எத்தனை எழுத்தை இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்து ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஒத்தக்கடை | செவ்வாய், இரவு 10.15

ஒத்துக்கொள்கிறேன். எழுத்தை வரைந்து தரும் மாடலை எடுத்துவிடுகிறேன். ஆனால் எல்லா வகைக் கணக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்டிஐ செய்வதும் கணக்குத்தான். வித்தியாசம் என்னவென்றால், அதில் ஒவ்வொரு பிக்சலும் எடுத்த படங்களில் இருந்து மட்டுமே வருகிறது, வேறு கல்லில் பார்த்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில்லை. என்னைப் பொறுத்தவரை கோடு அங்கேதான் போட வேண்டும். ஃபில்டர் போடும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். மீடியன் ஃபில்டரின் அகலம் எழுத்துக் கோட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் அது கல்லின் புள்ளியோடு எழுத்தின் சுழியையும் தின்றுவிடும். கோட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, பிக்சலுக்கு மாற்றி, அதன்படி ஃபில்டர் போடுங்கள். குத்துமதிப்பாக 5, 7, 9 என்று போட்டுப் பார்ப்பதை விடுங்கள்.

பள்ளிக்கூடத்து டீச்சர் | புதன், மாலை 5.10

நானும் அந்தப் பக்கத்து ஊர்தான். கீழவளவு மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும், அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசை இன்னும் கூடும். போன வருஷம் எடுத்த ஒரு படத்தை வகுப்பு டிவியில் போட்டேன். நான்காம் வகுப்புப் பையன் எழுந்து, “டீச்சர், எழுத்து புடைச்சுக்கிட்டு நிக்குது” என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கல்லில் தொட்டுப் பார்த்தபோது குழியாக இருந்தது, டிவியில் மேடாகத் தெரிகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன், எல்லாம் குழியாகிவிட்டது. ஏன் அப்படி?

ஸ்டுடியோ திருமங்கலம் | புதன், இரவு 7.45

டீச்சர், அது கண்ணின் பழக்கம். வெயில் மேலே இருந்துதான் வரும் என்று நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்ளும். உங்கள் படத்தில் வெளிச்சம் கீழே இருந்து அடித்திருக்கிறது. அப்போது குழியின் மேல்விளிம்பு மினுங்கும், கீழ்விளிம்பு கறுக்கும். மேலே இருந்து வெளிச்சம் படுகிற ஒரு மேட்டுக்கும் அதே அடையாளம்தான். மூளை ஏமாந்துவிடுகிறது. யாருக்காவது காட்டுவதாக இருந்தால் வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையில் இருந்து வருகிற படத்தையே காட்டுங்கள்.

ஒத்தக்கடை | புதன், இரவு 9.00

காட்டும் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஆழத்தை வானவில் நிறத்தில் போட்டுக் காட்டும் வழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பள்ளம் நீலம், மேடு சிவப்பு, நடுவில் மஞ்சள், பச்சை. பார்க்க அழகுதான். ஆனால் மஞ்சள் வரும் இடத்தில் கண்ணுக்கு ஒரு விளிம்பு தெரியும், கல்லில் அங்கே விளிம்பே இருக்காது. ஒரே சீராகச் சரியும் பரப்பில் கூட அது கோடு போட்டுக் காட்டும். இந்தக் காரணத்துக்காகத்தான் மேட்ப்ளாட்லிப் என்ற வரைபட மென்பொருள் 2017ல் வந்த 2.0 பதிப்பில் அந்த வானவில் நிறத்தைக் கைவிட்டு, வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் நிறத்தை இயல்பாக வைத்தது. கல்வெட்டுக்கு வெறும் சாம்பல் நிறமே போதும் என்பேன்.

மடைக்கல் | ஞாயிறு, இரவு 11.30

எடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போனோம். ஸ்டுடியோ அண்ணன் ஃப்ளாஷைக் கொடுத்ததோடு நிற்காமல் தானே பைக்கில் வந்துவிட்டார். தூணைத் தண்ணீர் விட்டு, தேங்காய் நார் கூடப் போடாமல் கையாலேயே கழுவினோம். எழுத்துப் பரப்பு 60 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம். மூலைக்கு மூலை 72. கயிறு இரண்டே கால் மீட்டர் வைத்தோம். பேரிங் குண்டு இரண்டையும் களிமண் உருண்டையில் பதித்துத் தூணுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினோம். கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல் வந்தது, எழுத்துக் கோட்டின் அகலம் 6 மில்லிமீட்டர், ஆக 48 பிக்சல். இரண்டு மாதமாக நான் இந்த அளவை எடுக்கவே இல்லை.

என் நண்பன் கயிற்றைப் பிடித்தான், அண்ணன் ஃப்ளாஷோடு சுற்றினார், நான் ரிமோட்டை அழுத்தினேன். தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. மொத்தம் 54 படம். 6 படங்களில் கயிறு குறுக்கே வந்துவிட்டது, கழித்துவிட்டு 48 வைத்துக்கொண்டேன்.

கணினியில் ஏற்றி, விளக்கை இடப்பக்கம் கீழே இறக்கினேன், கல்லோடு தரையாக. முதல் எழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு சுழி எழுந்து வந்தது. விளக்கை வலப்பக்கம் கொண்டுபோனேன், அதே சுழியின் மறுகரை மினுங்கியது. எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்த்தேன், எங்கே நகர்த்தினாலும் அது குழியாகவே நடந்துகொண்டது. உளி போட்ட அடிப்பக்கம் உருண்டையாக இருக்கிறது, வெடிப்பைப் போல் கூர்மையாக இறங்கவில்லை. அது ‘வ’தான். படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது எழுத்தின் குறுக்குக்கோடு இன்னும் ஆச்சரியம். க்ளாஹே போட்ட எல்லாப் படத்திலும் அது தெளிவாக நின்றது. ரா கோப்பிலும் நின்றது, ஆகவே ஜேபெக் குறை இல்லை. சாய்வு மட்டும் காட்டும் படத்துக்கு மாற்றியதும் காணாமல் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் போய் விரலால் தடவிப் பார்த்தேன். கோடே இல்லை. பாசி காய்ந்து நின்ற விளிம்பு அது. பச்சைச் சேனலில் நன்றாகத் தெரிந்தது, சிவப்பில் மங்கியது, கண்படம் அக்கா சொன்ன மாதிரியே. நான் இரண்டு மாதம் கூட்டிக் கூட்டிக் காட்டியது பாசியின் நிறத்தைத்தான். குறுக்குக்கோட்டை எடுத்துவிட்டால் அந்த எழுத்து ‘ட’ போல் இருக்கிறது. ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எழுத்தில் எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் கரடுமுரடான பரப்புத்தான் வருகிறது. அந்த இடத்தில் கல்லே பொரிந்து உதிர்ந்திருக்கிறது.

மைப்படிக்காரர் | திங்கள், காலை 6.00

தம்பி, படத்தில் விளக்கை நானே நகர்த்திப் பார்த்தேன். பேரன்தான் போனில் போட்டுக் கொடுத்தான். அரை மணி நேரம் போனைக் கீழே வைக்கவில்லை. இந்த வசதி எங்களுக்கு இருந்திருந்தால் எத்தனை மலையில் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் எழுத்து ‘வ’. எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவது ‘ட’ என்றுதான் நானும் படிப்பேன், ஆனால் மேல் முனை தேய்ந்திருக்கிறது, ஆகவே அதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மூன்றாவதுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ‘வ [ட] .’ என்று எழுதுங்கள். ஊரில் யாராவது ‘இது வடுகனா, வடமனா’ என்று கேட்பார்கள், ஏதாவது ஒரு பெயரைச் சொல்லச் சொல்லி ஆசை காட்டுவார்கள். சொல்லாதீர்கள். நாளைக்கு வேறு ஒருவர் இன்னும் நல்ல கருவி கொண்டுவந்து அந்தப் புள்ளியை எழுத்தாக்கலாம். நீங்கள் இன்று ஒரு எழுத்தை வைத்துவிட்டால் அவர் அங்கே தேடவே மாட்டார்.

மைப்படி ஒன்றும் எடுத்து வையுங்கள். காகிதம், மை, தூரிகை என்னிடம் இருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கும், ஆனால் சொல்லிக் கொடுக்க முடியும். தண்ணீர் வருவதற்குள் வருகிறேன்.

மடைக்கல் | திங்கள், காலை 8.15

ஐயா, புதன்கிழமை காலையில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். 48 ரா படங்களையும் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன். எந்த ஃபில்டர், எந்த அளவு, எந்த வரிசை என்று ஒவ்வொரு படியையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தருகிறேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் | திங்கள், மாலை 4.40

விளக்கை நகர்த்தும் அந்தப் படத்தை வகுப்பு டிவியில் போட்டேன். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை விளக்கை நகர்த்தினார்கள். ‘செய்வித்த’ என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்கள். புதன்கிழமை மைப்படி எடுப்பதைப் பார்க்கப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

மைப்படிக்காரர் | திங்கள், இரவு 7.30

வாருங்கள் டீச்சர். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு பழைய துணி கொண்டுவரச் சொல்லுங்கள், கை முழுக்க மை ஆகும்.

மடைக்கல் | அடுத்த வாரம் சனி, இரவு 9.20

மைப்படி இரண்டு எடுத்தோம். ஒன்று காற்றில் கிழிந்துவிட்டது, இன்னொன்று நன்றாக வந்திருக்கிறது. முதல் எழுத்தின் சுழி அதிலும் இருக்கிறது. ஆர்டிஐ படத்தையும் மைப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்திருக்கிறேன். இரண்டிலும் மூன்றாவது எழுத்து இருந்த இடம் வெறுமைதான்.

நேற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. இன்று சாயந்திரம் போய்ப் பார்த்தேன், கீழே இருந்த மூன்று வரிகளும் முழுகிவிட்டன. மேல் மூன்று வரி இன்னும் தெரிகிறது.